லீ ஆர்ச்சரின் மறுபாதியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின அமெரிக்க விமானிகளைப் பற்றி, அதிலும் முக்கியமாக லீ ஆர்ச்சரைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன், பேரனுக்கும் படித்துக் காட்டினேன். நன்றாகவே இருந்தது. ஆனால் மனதில் உறுத்திய ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பக்கம் முழுக்க ஆகாயத்திலேயே போய்விட்டது. 1970-ல் ஓய்வு பெற்றார், பின்னர் தனியார் துறையில் பணியாற்றினார், 2010-ல் காலமானார் என்று கடைசியில் மூன்றே வரி. நடுவில் 40 வருஷம் இருக்கிறது, சார். அந்த 40 வருஷத்தில் அவர் செய்த வேலை, சுட்டு வீழ்த்திய விமானங்களை விடப் பெரியது என்பது என் எண்ணம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விமானப் படையில் 20 வருஷம் ஏர்மேனாக இருந்தவன். விமானி இல்லை, தரையில் நின்று இன்ஜின் பார்த்தவன். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் வடக்கே பல ஊர். வெளியே வந்ததும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன், 60 வயது வரை கவுன்ட்டரிலும் கடன் பிரிவிலும் உட்கார்ந்திருந்தேன். இப்படி யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு நேராக வங்கிக்குள் போனவர்கள் நம்மூரில் ஏராளம் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் கட்டுரையாளர் தாண்டிப்போன இடத்தில் எனக்குக் கண் நின்றுவிட்டது.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்ச்சர் 1919-ல் நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், விமானி ஆகவேண்டும் என்ற ஆசையில் 1941-ல் படிப்பை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது அமெரிக்காவுக்குத் தனி விமானப் படை கிடையாது, ராணுவத்துக்குள்ளேயே அது ஒரு பிரிவு. அங்கே அவரை விமானியாக எடுக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்துக்கு அனுப்பித் தகவல் தொடர்பு வேலையில் போட்டார்கள். கறுப்பர்களுக்குப் புத்தியும் தைரியமும் குறைவு, போர்முனையில் பொறுப்பு கொடுக்க முடியாது என்று 1925-லேயே ராணுவப் போர்க் கல்லூரி ஒரு அறிக்கை எழுதி வைத்திருந்தது. அந்த எண்ணத்தில் ஊறியவர்கள்தான் அதிகாரத்தில் இருந்தார்கள். அலபாமாவில் டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பு விமானிகளுக்கான பயிற்சி 1941-ல் தொடங்கியது, 1942 மார்ச்சில் முதல் குழுவில் தேறியவர்கள் வெறும் 5 பேர். அவர்களில் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 4 வருஷம் சக மாணவர்கள் யாருமே அவரோடு வேலை தவிர வேறு பேச்சு பேசவில்லை, தனியாகச் சாப்பிட்டு, தனி அறையில் தங்கிப் படித்து 1936-ல் தேறிய மனிதர். ஆர்ச்சர் 1942 கடைசியில் டஸ்கீகிக்குப் போய், 1943 ஜூலையில் தன் வகுப்பில் முதலாவதாக வெளியே வந்தார்.

1944-ல் இத்தாலி. டேவிஸ் தலைமையில் 332-வது போர் விமானப் பிரிவு. ஏட்ரியாட்டிக் கடலோரம் ராமிட்டெல்லி என்ற இடத்தில் தளம். வால் பகுதிக்குச் சிவப்பு அடித்த மஸ்டாங் விமானங்கள், வேலை பெரும்பாலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகக் கூடவே பறப்பது. ஜார்ஜியாவில் மேகன் நகரத்தில் சந்தித்த பெண் ஐனா, பிற்பாடு மனைவி, அவர் பெயரைத்தான் விமானத்தின் மூக்கில் எழுதி வைத்திருந்தார். 1944 அக்டோபர் 12 அன்று ஹங்கேரியின் மேலே ஒரே நாளில் மூன்று ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தினார். மொத்தம் 169 சார்ட்டி, அதாவது 169 முறை போருக்குப் பறந்து வந்தார். எங்கள் ஆட்கள் இந்த எண்ணைக் கேட்டால் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள், ஏனென்றால் மற்ற விமானிகளில் பெரும்பாலோர் 50-ஐ ஒட்டி முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

இங்கே இரண்டு திருத்தம் சொல்ல வேண்டும். அவர் ஐந்து விமானங்களை வீழ்த்தியவர் என்று கட்டுரையில் இருந்தது. பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனால் அமெரிக்க விமானப் படையின் ஆவணத்தில் உறுதியானது 4. அதேபோல சிவப்பு வால் படை காவல் காத்த குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட எதிரியிடம் விழவில்லை என்பதும் 1945-ல் ஒரு பத்திரிகையில் வந்து அப்படியே நிலைத்துப்போன பேச்சு. விமானப் படையின் வரலாற்று ஆய்வாளர் டேனியல் ஹால்மன் ஒவ்வொரு நாளின் அறிக்கையையும் எடுத்துப் பார்த்து, 27 விமானங்கள் விழுந்தன என்று காட்டியிருக்கிறார். இத்தாலியிலிருந்து அதே காவல் வேலைக்கு மஸ்டாங் ஓட்டிய மற்றப் பிரிவுகளுக்குச் சராசரி 46. அதாவது உண்மைக் கணக்கே அவர்களுக்குப் பெருமைதான். கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. கூட்டிச் சொன்னால், நாளைக்கு யாராவது ஒருவர் 27 என்பதைத் தூக்கிப் பிடித்து எல்லாமே கட்டுக்கதை என்று கிளம்புவார்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

போர்முனையிலிருந்து ஊர் திரும்பி, கப்பலிலிருந்து இறங்கு பலகை வழியாகக் கீழே வருகிறார் ஆர்ச்சர். பலகை முடிகிற இடத்தில் ஒரு அறிவிப்பு: கறுப்புப் படையினர் வலது பக்கம், வெள்ளைப் படையினர் இடது பக்கம். 80 வயதைத் தாண்டிய பிறகும் பேட்டியில் இதைத்தான் சொன்னார், சுட்ட விமானங்களின் கணக்கை விட இந்தப் பலகைதான் அவருக்குள் ஆழமாகப் பதிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1948 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டார், படையில் பாகுபாடு கூடாது என்று. கொஞ்சம் கொஞ்சமாகப் படைக்குள் அந்தப் பலகை போனது. ஆனால் ஊருக்குள் இன்னொரு பலகை இருந்தது, அதில் எழுத்தே கிடையாது. அது வங்கி கவுன்ட்டர்.

போரிலிருந்து வந்தவர்களுக்கு வீடு கட்ட, நிலம் வாங்க, தொழில் தொடங்கக் கடன் என்று 1944-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் அரசாங்கம் நிற்பது ஜாமீன் மட்டும், பணம் கொடுப்பது உள்ளூர் வங்கி. 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் இப்படிக் கொடுத்த கடன்களை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 3,229. அதில் கறுப்பு வீரர்களுக்குப் போனது 2. இரண்டாயிரமோ இருநூறோ இல்லை, இரண்டே இரண்டு. மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பர்களாக இருந்த மாநிலத்தில்! இந்த எண்ணை முதல் முறை படித்தபோது எனக்கு அந்த கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த ஆளின் முகம்தான் கண்ணில் வந்தது. அவர் யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் வேண்டியதில்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சொத்து என்ன இருக்கிறது, ஜாமீன் யார் என்று கேட்டிருப்பார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

ஆர்ச்சர் படையிலேயே தொடர்ந்து லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்து 1970-ல் வெளியே வந்தார். வயது 50. நேராக ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி. மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி, ஜெல்லோ எல்லாம் அவர்களுடையது, அமெரிக்காவின் பெரிய உணவுக் கம்பெனிகளில் ஒன்று. அங்கே துணைத் தலைவர் பதவி வரை போனார், அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய கம்பெனிகளில் அந்த நாற்காலியில் இருந்த கறுப்பர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை விட முக்கியம் அவரிடம் ஒப்படைத்த வேலை. நார்த் ஸ்ட்ரீட் கேப்பிடல் என்று கம்பெனிக்குக் கீழே ஒரு சின்ன முதலீட்டு நிறுவனம் இருந்தது. 1969-ல் நிக்ஸன் அரசு கொண்டுவந்த திட்டப்படி, ஒரு பெரிய கம்பெனி தன் கைப்பணத்தைப் போட்டு இப்படி ஒன்றை ஆரம்பித்தால், அதற்கு மேல் அரசாங்கமும் கடனாகப் பணம் தரும், இரண்டையும் சேர்த்துச் சிறுபான்மையினர் நடத்தும் தொழில்களில் போட வேண்டும். இப்படி ஆரம்பித்தவற்றில் பல சில வருஷத்திலேயே நஷ்டப்பட்டு மூடப்பட்டன, அதையும் மறைக்கக் கூடாது. பணம் இருந்தால் மட்டும் போதாது, யாரிடம் கொடுக்கலாம் என்று ஆளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். ஆர்ச்சர் அப்படிப்பட்டவர்.

இந்த வேலையின் அருமை வங்கியில் இருந்தவனுக்குத்தான் சட்டென்று புரியும். எங்கள் பாஷையில் மார்ஜின் என்று ஒன்று உண்டு. மிஷின் ஒரு லட்சம் என்றால் வங்கி 75,000 தரும், மீதி 25,000 கடன் வாங்குகிறவர் தன் கையிலிருந்து போட்டுக் காட்ட வேண்டும். விதி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அப்பன் பாட்டன் சொத்து இல்லாதவனுக்கு அந்த 25,000 எங்கிருந்து வரும்?

ஒரு அம்மா வருவார்கள். வீட்டில் கிரைண்டர் போட்டு மாவு அரைத்துக் காலையில் தெருத்தெருவாகக் கொடுப்பவர். பெரிய கிரைண்டர் இரண்டு வாங்கினால் நான்கு ஓட்டல்கள் எடுத்துக்கொள்ளும் என்று கணக்கெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார், அரிசி விலை, கரண்ட் பில், ஆள் கூலி எல்லாம் சரியாக. கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன் 1,20,000. மார்ஜின் 30,000 கட்ட வேண்டும் என்றேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி மேஜை மேல் எண்ணி வைத்தார். 11,000 இருந்தது. நோட்டுகளில் மாவு ஒட்டிக் காய்ந்து விறைப்பாக இருந்தன. "ஏன் சார், மீதிய நீங்களே போட்டு ஆரம்பிச்சு வெச்சா, வர்ற லாபத்துல உங்க பங்கையும் சேத்துக் குடுத்திட மாட்டனா?" என்று கேட்டார். அதற்கு எங்கள் விதியில் இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன். வாராவாரம் வீட்டுக்கு வந்து வசூல் பண்ணும் பைனான்ஸில் வாங்கினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கடனாகக் கொடுத்துவிட்டு மாதா மாதம் வட்டியை எதிர்பார்க்காமல், உன் தொழிலில் நானும் பங்கு போடுகிறேன், ஜெயித்தால் இருவருக்கும், தோற்றால் எனக்கும்தான் நஷ்டம் என்று உள்ளே வரும் பணத்தைத்தான் அந்த அம்மா கேட்டார். அதன் பெயர்தான் வெஞ்சர் கேப்பிடல் என்பது எனக்கே ஓய்வு பெறுகிற வயதில்தான் விளங்கியது. ஆர்ச்சர் கையில் இருந்தது அந்த மாதிரிப் பணம்.

அவருடைய நிறுவனம் பணம் போட்டவற்றில் இரண்டு பெயர்களைச் சொன்னால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்று எஸ்ஸென்ஸ், கறுப்பினப் பெண்களுக்கான பத்திரிகை. இன்னொன்று பிளாக் எண்டர்பிரைஸ், கறுப்பினத் தொழில்முனைவோருக்கான பத்திரிகை. இரண்டும் 1970-ல் பிறந்தவை. பத்திரிகை நடத்தும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காகிதத்துக்கும் அச்சுக்கும் காசு இன்றைக்கு வேண்டும், விளம்பரக் காசு எப்போதோதான் கைக்கு வரும், நடுவில் உள்ள மாதங்களில்தான் பாதிப் பத்திரிகைகள் செத்துப்போகின்றன. அதுவும் கறுப்பு வாசகர்களை நம்பி விளம்பரம் தரப் பெரிய கம்பெனிகள் தயங்கிய காலம். ஒரு பத்திரிகையில் தங்கள் முகத்தைப் பார்க்காமலே வளர்ந்த பெண்களுக்கு எஸ்ஸென்ஸ் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ரெஜினால்ட் லூயிஸ். உங்கள் கட்டுரையில் இந்தப் பெயரே வரவில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பால்டிமோரில் 1942-ல் பிறந்து, ஹார்வர்டில் சட்டம் படித்து, வால் ஸ்ட்ரீட்டில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் வைத்தவர். ஆர்ச்சர் நடத்தியது போன்ற சிறுபான்மையினர் முதலீட்டு நிறுவனங்களுக்குத்தான் பல வருஷம் வக்கீல் வேலை பார்த்தார், அதாவது அடுத்தவர்கள் கம்பெனி வாங்கப் பத்திரம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் தானே வாங்கலாமே என்று இறங்கினார். 1984-ல் மெக்கால் என்ற தையல் மாதிரிக் காகிதக் கம்பெனியை 2.25 கோடி டாலருக்கு வாங்கி, 1987-ல் 6.5 கோடிக்கு விற்றார். அதே வருஷம் பியாட்ரிஸ் என்ற பெரிய அமெரிக்க உணவுக் கம்பெனியின் வெளிநாட்டு உணவுத் தொழில் முழுவதையும் விலை பேசினார். 31 நாடுகளில் 64 கம்பெனிகள், விலை 98.5 கோடி டாலர். பணத்தின் பெரும்பகுதி கடன், ட்ரெக்ஸல் என்ற வால் ஸ்ட்ரீட் நிதி நிறுவனத்தின் மைக்கேல் மில்கன் ஏற்பாடு செய்தது. இந்தப் பேரத்தில் லூயிஸுக்கு முக்கிய ஆலோசகராகப் பக்கத்தில் நின்றவர் லீ ஆர்ச்சர். அமெரிக்காவில் கறுப்பர் ஒருவர் சொந்தமாக வைத்து நடத்திய கம்பெனிகளில், இப்படி வாங்கியதற்கு அவர் வைத்த பெயரான டி.எல்.சி. பியாட்ரிஸ்தான் அன்றைக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது, 100 கோடி டாலர் விற்பனையைத் தாண்டிய முதல் கம்பெனியும் அதுதான்.

உணவுக் கம்பெனியில் 17 வருஷம் இருந்த மனிதர், அதில் பணம் போடுகிற பிரிவை நடத்தியவர், ஒரு பிரம்மாண்ட உணவுக் கம்பெனியை வாங்கப் போகிற சின்ன வயதுக்காரருக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்திருப்பார்! இதில் எனக்கு ஆர்ச்சரின் பழைய காவல் வேலைதான் ஞாபகம் வருகிறது. குண்டுவீச்சு விமானம் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பக்கத்தில் பறக்கிறவரின் வேலை, படத்தில் அவர் வரமாட்டார். எங்கள் ஸ்குவாட்ரனில் மூத்த விமானிகள் இதைப் பற்றிப் பேசும்போது, தனியாகப் போய் ஒன்றைச் சுடுவதை விட விட்டுப் போகாமல் கூடவே இருப்பதுதான் கஷ்டம் என்பார்கள்.

1987-ல் ஜெனரல் ஃபுட்ஸிலிருந்தும் ஓய்வு. அப்போது வயது 67, 68 இருக்கும். மனிதர் வீட்டில் உட்காரவில்லை, ஆர்ச்சர் அசெட் மேனேஜ்மென்ட் என்று சொந்தமாக முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். லூயிஸ் 1993-ல் 50 வயதிலேயே இறந்துபோனார், அவருக்கு 23 வருஷம் மூத்த ஆர்ச்சர் அதையும் பார்த்தார். 2007-ல் டஸ்கீகி விமானிகளுக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தபோது, அந்நாளில் இவர்களுக்குத் திரும்பக் கிடைக்காத சல்யூட்டுகளுக்காக என்று சொல்லி ஜனாதிபதி புஷ் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். 2010 ஜனவரி 27-ல் ஆர்ச்சர் நியூயார்க்கில் காலமானார், வயது 90.

இத்தனையும் "தனியார் துறையில் பணியாற்றினார்" என்ற வரிக்குள் போய்விட்டது. போர் விமானியின் கதையைப் படிக்க ஆள் இருக்கிறது, கடன், பங்கு, மார்ஜின் என்று எழுதினால் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. என் பேரன் முதலில் கேட்டது மூன்று விமானத்தை எப்படிச் சுட்டார் என்று. லூயிஸ் கதையைச் சொன்ன பிறகு அவன் கேட்ட கேள்வி, "98 கோடி டாலரைக் கடனா எப்படித் தாத்தா குடுத்தாங்க, இவர்கிட்ட அவ்வளவு சொத்து இருந்துச்சா?" பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசி வரை எழுந்து போகாமல் கேட்டான்.

ஆகவே அடுத்த ஞாயிறோ அதற்கடுத்ததோ, இதே லீ ஆர்ச்சரின் 1970-க்குப் பிந்தைய கதையை அதே அளவு இடம் கொடுத்துப் போடுங்கள். 4 விமானம், 27 குண்டுவீச்சு விமானம் என்ற திருத்தங்களையும் ஒரு ஓரத்தில் சேர்த்துவிடுங்கள். படம் போடுவதானால் மஸ்டாங் பக்கத்தில் நிற்கிற இளைஞரின் படம் போன தடவையே வந்துவிட்டது, இந்தத் தடவை கோட்டு போட்ட வயதான ஆர்ச்சரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
விமானப் படை முன்னாள் வீரர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
காரைக்குடி.